ஒன்றும் இடாத பாத்தி

வந்தாறுமூலையில் இறங்கும்போது
பஸ்ஸில் என்னைத் தவிர எல்லாருக்கும் இருபது வயது.
மிச்சக்காசு தந்த கொண்டக்டர்
"மெடம், ஒஃபிஸ் அந்தப் பக்கம்" என்றார்.
திருத்தவில்லை.
முப்பத்துநாலில் மாணவ அட்டைக்குப் படமெடுத்தேன்.
அதில் இன்னும்
தவணை கேட்கிறவளின் முகம்.

ஏழு வருஷம் கிழமைக் கடன் அறவிட்டேன்.
செவ்வாய்க்கிழமைகளில் திராய்மடு.
என் ஸ்கூட்டிச் சத்தத்துக்கு
வளவுகள் மூச்சடக்கும்.
பூட்டிய கதவுகளின் பின்புறம் காத்து நின்று
மரவள்ளி, கொச்சி, அகத்தி, பெயர் தெரியாத கீரை என
எண்ணிப் பழகியதுதான்
நான் கற்ற முதல் தோட்டக்கலை.
நேர்முகத்தில் அதைச் சொல்லவில்லை.
சிறுவர் போசணை என்றேன்,
தலையாட்டினார்கள்.

ஆய்வுத் தலைப்பு இரண்டு வரி நீளம்.
கரையோர மணல், பயிற்றை, பாடசாலைச் சிறுவர் பங்கேற்பு.
ஆறு பாத்திக்கு இடம் கேட்டேன்.
வலைப்பந்துத் திடலுக்கும் மலசலகூடத்துக்கும்
நடுவில் காட்டினார் அதிபர்.
முதல் இரண்டுக்கு மாட்டெரு,
அடுத்த இரண்டுக்கு மண்புழு உரம்,
ஐந்துக்கு வாவியில் அள்ளிய ஆற்றுவாழைக் கூட்டெரு.
ஆறுக்கு ஒன்றுமில்லை.

"பரிகரணம் எண்டா என்ன மிஸ்?
பரிகாரியார் செய்றதா?"
கிட்டத்தட்ட.
"அப்ப ஆறாவதுக்கு வருத்தம் வந்தா?"
அது ஒப்பீட்டுக்கு, என்றேன்.
ஒன்றுமே கொடாவிட்டால்
எவ்வளவு வளரும் என்று பார்க்க.

ஏழாம் தரத்து யதுர்ஷிகா
பூவாளியைக் கீழே வைத்தாள்.
"நீங்க செவ்வாக்கிழமையில வாற அக்காதானே?"

ஓம்.
அவள் அம்மாவின் பெயர் எனக்கு நினைவிருந்தது.
இருபத்தெட்டாம் தவணையோடு நின்ற அட்டை.
அவள் அதற்குமேல் கேட்கவில்லை.
அடிமட்டத்தை மணலில் ஊன்றி
"நாலு சென்ரிமீற்றர். எழுதுங்க" என்றாள்.
எழுதினேன்.

மூன்றாம் கிழமை
ஆறாம் பாத்தி ஐந்தை முந்தியது.
மண் மாதிரி எடுத்தேன். உப்பு அளந்தேன்.
நிழல் எங்கே விழுகிறதென்று
ஒரு முழுப்பகல் குடையோடு இருந்தேன்.
விரிவுரைக் குறிப்பில் இதற்குப் பிழை என்று பெயர்,
அதற்கு ஒரு சூத்திரமும் உண்டு.

பிறகொரு நாள் விடிய ஆறேகாலுக்குப் போனேன்.
யோகட் கோப்பைகளோடு ஐந்து பேர் குந்தியிருந்தார்கள்.
ஒன்றில் மீன் கழுவிய தண்ணீர்.
ஒன்றில் அடுப்புச் சாம்பல்.
கிதுஷனின் காற்சட்டைப் பையில்
ஆட்டுப் புழுக்கை.
"இதுக்கு மட்டும் நீங்க ஒண்டும் குடுக்கல்லதானே மிஸ்.
பாவம்."

தொலைபேசியில் மேற்பார்வையாளர் சிரித்தார்,
பிறகு சிரிக்கவில்லை.
"தரவு பழுது. மாரிக்கு முதல் திரும்ப விதைங்க.
இந்தமுறை வேலி போடுங்க."

பார் வீதியில் கம்பிக்கு விலை கேட்டேன்.
கட்டைக்கும்.
கடைக்காரர் கேளாமலே ஒரு பூட்டை எடுத்து வைத்தார்.
எத்தனை பூட்டைப் பார்த்து நின்றவள் நான்,
வெளியில்.

சீஆர் கொப்பி ஒன்று வாங்கி வந்தேன்.
நாலு கோடு கீறினேன்:
யார், எப்போது, என்ன இட்டது, ஏன்.
பாத்தி ஆறு, பக்கம் ஒன்று.
ஏனுக்குக் கீழே யதுர்ஷிகாவின் சரிந்த எழுத்து:
நேற்று வெயிலுக்கு அது குனிஞ்சு நிண்டது.

மேற்பார்வையாளருக்கு இன்னும் சொல்லவில்லை.
திங்கட்கிழமை சொல்ல வேண்டும்,
தலைப்பையும் மாற்ற வேண்டும்.
பயிற்றை பூத்துவிட்டது.
ஆறாம் பாத்தி மீன் மணக்கிறது,
மணத்துக்கு வந்த கறுப்புப் பூனை
வேரடியைக் கிளறிவிட்டுப் போகிறது.
அதையும் எழுதச் சொன்னேன்.
"யார் எண்ட இடத்தில பூனையெண்டா போடுற?"
பூனை என்றே போடு.